ஒரே சொல்லில் அனுமதியும் தடையும்

கேள்வி: கடன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டது என்கிறது வங்கி. ஈரான் மீது ‘சாங்ஷன்’ என்கிறது செய்தி. ‘ஓவர்சைட்’ என்பதும் ஓரிடத்தில் மேற்பார்வை, வேறிடத்தில் கவனக்குறைவு. மொழிபெயர்ப்புத் தேர்வுக்குப் படிக்கும் நான் எதை வைத்துப் பிரித்தறிவது?

பதில்: சாங்ஷன் முதலில் சட்ட உலகின் சொல், லத்தீனில் ஆணையிட்டு உறுதிசெய்வதைக் குறித்த வினையிலிருந்து வந்தது. சட்டத்துக்கு வலு சேர்ப்பவை இரண்டு: அதிகாரத்தின் ஒப்புதல், மீறினால் தண்டனை. இரண்டுமே இந்தச் சொல்லுக்குள் வந்து சேர்ந்தன.

வாக்கியத்தில் எதைச் சாங்ஷன் செய்கிறார்கள் என்று பாருங்கள். பணம், பணியிடம், திட்டம், செயல் என்றால் ஒப்புதல். சென்னை உயர் நீதிமன்றத்தில் சாங்ஷன் செய்யப்பட்ட நீதிபதி பணியிடங்கள் 75 என்றால், அவை ஒப்பளிக்கப்பட்டவை. நாடு, நிறுவனம், கப்பல், ஆள் என்றால் பெரும்பாலும் தண்டனை. ‘சாங்ஷன்டு டேங்கர்’ என்பது தடைப் பட்டியலில் உள்ள எண்ணெய்க் கப்பல். ‘அனுமதி பெற்ற கப்பல்’ என்று எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும். பெயர்ச்சொல்லாக வரும்போது பன்மையைக் கவனியுங்கள். ‘சாங்ஷன்ஸ்’ என்று பன்மையில், ‘ஆன்’ அல்லது ‘அகைன்ஸ்ட்’ சேர்ந்து வந்தால் அநேகமாகத் தடைதான். எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு 1935இல் சர்வதேச சங்கம் விதித்ததும், பொக்ரான் சோதனைக்குப் பின் 1998இல் இந்தியா மீது அமெரிக்கா விதித்ததும் இவ்வகை.

தேர்வர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஊழல் வழக்குச் செய்திகள். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், பிரிவு 19இன்படி, அரசு ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முன் அனுமதி வேண்டும். அதன் பெயர் ‘சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்’. அதிகாரிக்குப் பாதகமான செய்திதான். ஆனாலும் இங்கே சாங்ஷன் என்பது அனுமதியே. வழக்கு நடத்துவதற்கான அனுமதி. சூழலின் கசப்பைப் பார்த்து ‘தடை’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஓவர்சைட் இவ்வளவு சிக்கலானதல்ல. ‘ஓவர்சீ’ என்றால் மேற்பார்வையிடுவது, ‘ஓவர்லுக்’ என்றால் கவனிக்காமல் விடுவது. ஓவர்சைட் என்ற பெயர்ச்சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஒன்று, இரண்டு என எண்ண முடிந்தால் பிழை: ‘அன் ஓவர்சைட்’ (ஒரு பிழை), ‘செவரல் ஓவர்சைட்ஸ்’ (பல பிழைகள்). எண்ண முடியாவிட்டால் மேற்பார்வை: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஓவர்சைட் கமிட்டி அரசு நிர்வாகத்தைக் கண்காணிக்கும் குழு. நம் அலுவலகக் கடிதங்களில் வரும் ‘பை ஓவர்சைட்’ மட்டும் விதிவிலக்கு. எண்ணும் அடையாளம் ஏதும் இல்லாமலே ‘கவனக்குறைவால்’ என்று பொருள் தரும்.

ஆங்கிலத்தில் நீங்களே எழுதும்போது, குழப்பத்துக்கு இடமிருந்தால் இரு சொற்களையும் விட்டுவிடுங்கள். ‘அப்ரூவல்’, ‘பெனால்ட்டி’, ‘சூப்பர்விஷன்’, ‘எரர்’ என்று எழுதினால் யாரும் இருமுறை படிக்க வேண்டியிருக்காது.