போதை வழக்கில் மாட்டிய பிள்ளைக்கு மருத்துவம் கேட்க முடியுமா? – வக்கீல் அக்கா பதில்கள்

பெங்களூரில் இலவச சட்ட உதவி வக்கீலாக இருக்கிறேன். போதைப்பொருள் வழக்குகள் பற்றி நம் தமிழ் ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

அல்சூரிலிருந்து ஓர் அம்மா: மகன் 40 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டான். இரண்டு வருடமாக அவனுக்கு அந்தப் பழக்கம். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது என்கிறார்களே?

அவசரப்படாதீர்கள் அம்மா. அபராதத்தோடு கேஸ் முடியும், 'தண்டனை பெற்றவன்' என்ற பெயர் முடியாது. நாளைக்கு வேலைக்கு போலீஸ் விசாரணை வந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஒரு வருடச் சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 1985ஆம் வருடத்து போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், இந்தச் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் நின்றுவிட்டால் விலக்கையும் பறிக்கலாம்.

நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும். நம் ஊர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது; நாளைக்கே கூட்டிப் போய்ச் சீட்டுப் போடுங்கள். போன வருடம் ஒரு பையனின் அம்மா, ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, மறுபரிசோதனைத் தேதிகள் எல்லாவற்றையும் பழைய புடவைக்கடை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். மாஜிஸ்திரேட் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்தார். என் வாதத்தைவிட அந்தக் கவர்தான் பேசியது.

மர்ஃபி டவுன் தம்பி: அக்கா, நண்பனைக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டார்கள். இனி வழி இல்லையா?

பழக்கத்துக்கு அடிமையானவன், சிறிய அளவு வழக்கு, தண்டனை இன்னும் சொல்லவில்லை என்றால் உண்டு. அதே சட்டத்தில் பிரிவு 39. வயது, உடல்நிலை, முன்நடத்தை பார்த்து, அவன் சம்மதித்தால், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்து, ஒரு வருடத்துக்குள் சிகிச்சை அறிக்கையைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். வக்கீல் அன்றைக்கே எழுந்து கேட்க வேண்டும்.

25 கிலோ கஞ்சா வழக்கு என்றால்?

20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. மேலே சொன்ன இரண்டு கதவும் மூடியிருக்கும். ஜாமீனே கஷ்டம்.

ஸ்ரீராமபுரம் அண்ணன் ஒருவர்: தம்பிக்கு பிரவுன் சுகர் (ஹெராயின் வகை) பழக்கம். பரப்பன அக்ரஹாரா சிறைக்கு உள்ளே போய் மூன்று நாள். தூக்கமில்லை, வாந்தி, உடம்பு முறிகிறதாம்.

நிறுத்தினால் வரும் அவஸ்தை அது. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். சிறை மருத்துவரிடம் பழக்கத்தை மறைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். வக்கீல் மூலம் கோர்ட்டிலும் மனுப் போடலாம். டெல்லி திகார் சிறையில் 2008லேயே இந்தப் பழக்கத்துக்குச் சிறைக்குள்ளேயே மாற்று மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள், அதனால் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு அதைவிட பயம், வெளியே வரும் நாள்தான். இரண்டு மாதம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அவன் பழைய கணக்கிலேயே எடுப்பான், மூச்சு அடங்கிவிடும். வாசலில் மாலையோடு நிற்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதல் வாரம் தனியாக விடாதீர்கள்.

தனியார் மையத்தில் அண்ணனைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 'அப்படித்தான் குணமாகும்' என்கிறார்கள்.

2017 மனநல மருத்துவச் சட்டப்படி சங்கிலி போடுவது அடியோடு தடை. போதை அடிமைத்தனமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். முதலில் ஆளை வெளியே எடுங்கள். அப்புறம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் எழுதிக் கொடுங்கள், காசு கிடையாது.

மகனுக்குத் தெரியாமல் நான் மட்டும் யாரிடமாவது பேசலாமா மேடம்?

தாராளமாக. 14446, போதையிலிருந்து மீள வழி சொல்லும் கட்டணமில்லாத உதவி எண். முதல் தடவை அவன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். எதை, எத்தனை நாளாக எடுக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.