மழையும் வெள்ளமும் கவிதையில்: மலேசியாவின் பீடோங் ஊர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இயற்கைக்கு முன்னால் மனிதன் எவ்வளவு சின்னவன் என்பதைக் கவிதை எப்படிக் காட்டுகிறது? இதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இப்போது பதில் சொல்கிறேன், மிச்சம் அப்புறம்.

படிவம் ஐந்து மாணவி: ஐயா, எஸ்.பி.எம். பரீட்சை இலக்கியத்துக்குப் படிக்கிறேன். இதற்கு ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

நெடுநல்வாடைம்மா. சங்க காலத்துப் பாட்டு, நக்கீரர் பாடியது, 188 அடி. பயப்படாதே, முதல் பன்னிரண்டு அடி போதும். மழை கொட்டுகிறது, மாடு மேய்ப்பவர்கள் பழகின இடத்தை விட்டு மாட்டை வேறு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள், தலையில் சூடிய பூ நனைந்து கலைகிறது, கையில் கொள்ளிக்கட்டை இருந்தும் கன்னம் நடுங்குகிறது. அப்புறம்தான் "மா மேயல் மறப்ப, மந்தி கூர" என்று வருகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறந்துவிட்டன, குரங்கு குறுகி உட்கார்ந்துவிட்டது, பறவை மரத்திலிருந்து விழுகிறது, பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைக்கிறது. பெற்ற கன்றை! 'பயங்கரமான குளிர்' என்று அவர் எங்கேயும் கத்தவில்லை, அன்றாடம் நடப்பதில் எதெல்லாம் நின்றுபோனது என்று மட்டும் சொல்கிறார். பரீட்சையில் இதை எழுது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அண்ணன் ஒருவர்: அதெல்லாம் ராஜா காலத்துப் பாட்டு சார். எங்களுக்கு விடியற்காலையில் மழை பிடித்தால் அன்றைய சம்பளம் போச்சு. அதை யார் பாடினார்?

நியாயமான கேள்வி அண்ணே. "கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற்று ஆங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை" என்கிறது குறள். பரிமேலழகர் உரைப்படி கெடுப்பது என்றால் பெய்யாமல் கெடுப்பது. ரப்பர் தோட்டத்தில் கதை தலைகீழ். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டின கோட்டில் ஓடாமல் பட்டை முழுக்கப் பரவி வழிந்து வீணாகும், மங்கில், அதாவது பால் பிடிக்கிற கிண்ணத்தில், விழுந்த பாலிலும் மழைத்தண்ணீர் கலந்துவிடும். பெய்தே கெடுக்கிற மழை இது. இதைப் பாட வள்ளுவரைக் கூப்பிட முடியாது, உளி பிடித்த கைதான் எழுத வேண்டும். விடியும் முன்னே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறீர்களே, அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கவிதைப் போட்டிக்கு எழுதும் தம்பி: 'இயற்கை சீறியது, பழிவாங்கியது' என்று எழுதலாமா?

எழுதலாம், பரிசும் கிடைக்கும், எனக்குத்தான் பிடிக்காது. "யாதும் ஊரே" என்ற முதல் வரியைச் சட்டையில் அச்சடிக்கிறோம், ஆனால் கணியன் பூங்குன்றனார் அதே பாட்டில் கொஞ்சம் கீழே வைத்திருக்கிற ஆற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மின்னலோடு மழை பெய்து, பாறையில் மோதி இரைகிற பேராறு, "நீர்வழிப் படூஉம் புணைபோல்" அதன் போக்கில் போகிற தெப்பமாக நம் உயிர். அந்த ஆற்றுக்கு யார் மேலும் கோபம் இல்லை, தெப்பம் ஒன்று மேலே இருப்பதே அதற்குத் தெரியாது, பயமே அதுதான். 2021 ஆகஸ்டில் நம் கெடா மாநிலத்து ஜெராய் மலையிலிருந்து சேறும் மரமுமாக வெள்ளம் இறங்கி உயிர்களைக் கொண்டுபோனதே, அது யாரைப் பழிவாங்கியது? கீழே இருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மதுரை எரிந்தது கோபத்தால்தான், ஆனால் அது கண்ணகியின் கோபம், நெருப்பினுடையது அல்ல.

இல்லத்தரசி ஒருவர்: பாரதியார் புயலைப் பாடியிருக்கிறாரா?

பாடியிருக்கிறார், 1916 கார்த்திகையில் அடித்த புயல். "காற்றடிக்குது, கடல் குமுறுது" என்று மனைவி கணவனை எழுப்புகிறாள். "நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே, இந்த நேரமிருந்தால் என்படுவோம்?" என்பதுதான் என்னை உலுக்குகிற வரி. ஒரு நாள் முந்தி வீடு மாறியதால் உயிர் தப்பியிருக்கிறார்கள், இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது?

அதே அக்கா: வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவளைப் பற்றி ஏதாவது?

ஆதிமந்தி. காவிரி அவள் கணவன் ஆட்டனத்தியை இழுத்துக்கொண்டு போனதைப் பரணர் அகநானூற்றில் சொல்கிறார். சிலப்பதிகாரத்தில் அவள் தண்ணீருக்குப் பின்னாலேயே போய்க் கூப்பிட, கடல் அவனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது. குறுந்தொகை 31ஆம் பாட்டு அவள் பெயரிலேயே இருக்கிறது, திருவிழாக் கூட்டத்திலும் ஆடுகளத்திலும் அவனைத் தேடி அலைகிறாள். அதில் வெள்ளம் என்ற பேச்சே இல்லை, படித்துப் பாருங்கள்.