ரத்து, நீக்கறவு, இல்லாநிலை: சட்டச் சொற்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: 'ரத்து' என்று எழுதுவதா, 'இரத்து' என்று எழுதுவதா? இது தமிழ்ச் சொல்தானா?

பதில்: திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் உருது வழியாக நம் நிர்வாக வழக்கில் வந்து சேர்ந்தது. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்னும் மரபைப் பேணுவோர் இகரம் சேர்த்து எழுதுகின்றனர். இலங்கையில் வல்லினம் மிகுந்து 'இரத்துச் செய்தல்' என்றே எழுதுவர். எந்த வடிவமும் பிழையில்லை, ஓர் ஆவணத்துக்குள் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

கேள்வி: அரசின் சட்ட மொழிபெயர்ப்புகளில் 'நீக்கறவு' என்று வருகிறது. 'ரத்து' என்று எல்லோருக்கும் புரியும் சொல் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: சட்டமன்றமோ நாடாளுமன்றமோ ஒரு சட்டத்தை மற்றொரு சட்டம் இயற்றி அகற்றுவதை மட்டும் குறிக்க ஒரு சொல் தேவைப்படுகிறது, நீக்கறவு அந்த வேலையைச் செய்கிறது. ரயில் பயணச்சீட்டையும் ரத்து செய்கிறோம், தேர்வையும் ரத்து செய்கிறோம், ஆகவே அந்தச் சொல்லுக்கு இந்தக் கூர்மை இல்லை.

சட்டங்களின் இறுதியில் 'நீக்கறவும் காப்பும்' என்னும் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். அதில் 'காப்பு' என்னும் பாதியைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. அதை நீக்கறவு செய்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் அதற்கு முந்தைய மாதம் திருடியவர் தப்பிவிட்டாரா? இல்லை. பழைய சட்டம் உயிரோடு இருந்தபோது நிகழ்ந்த குற்றத்துக்குப் பழைய சட்டப்படியே தண்டனை உண்டு. தனியாகக் காப்புப் பிரிவு எழுதப்படாத இடத்திலும், வேறு எண்ணம் புலப்படாதவரை, 1897ஆம் ஆண்டின் பொதுக்கூறுகள் சட்டம், 6ஆம் பிரிவு, ஏற்கெனவே பிறந்த உரிமைகளையும் பொறுப்புகளையும் தண்டனைகளையும் காத்து நிற்கிறது. அதனால்தான் நான் ஓயாமல் சொல்லிவருகிறேன்: யார் நீக்கினார், எந்த நாள் முதல் நீங்கியது என்னும் இரண்டும் இல்லாமல் 'ரத்து' என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 'செல்லாது' என்பதும் 'ரத்து' என்பதும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு விற்பனை தொடக்கம் முதலே சட்டத்தின் கண்ணில் இல்லாதது என்று கூறிய தீர்ப்பை 'விற்பனை ரத்து செய்யப்பட்டது' என்று தமிழாக்கினேன். அதைத் திருத்திய மூத்தவர் 'ரத்து' என்னும் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'நேற்று வரை இருந்ததா?' என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தக் கேள்வியை இன்றுவரை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுக்கொள்கிறேன். ரத்து செய்ய ஒன்று இருந்திருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே இல்லாததை 'இல்லாநிலையது' என்பர். மிரட்டியோ ஏமாற்றியோ பெற்ற ஒப்பந்தம் இடைநிலையானது. பாதிக்கப்பட்டவர் விலக்கும்வரை அது செல்லும், ஆகவே அது 'தவிர்தகு' ஒப்பந்தம். 'செல்லாது' என்பதோ விளைவை மட்டும் சொல்லும் பொதுச்சொல். 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அவை அன்று நள்ளிரவு வரை செல்லுபடியாகவே இருந்தன.

கேள்வி: என் தம்பிக்குக் கொடுத்த பவரை ரத்து செய்ய என்ன எழுத வேண்டும்?

பதில்: உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். சொல் குறித்து மட்டும் கூறுகிறேன்: ரத்துப் பத்திரம் எழுதியதோடு வேலை முடியாது. அதிகாரம் பெற்றவருக்கு அது தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை அதிகாரம் முடிகிறது. மூன்றாம் நபர்களுக்கு அவர்களுக்குத் தெரியவரும்போது.

கேள்வி: 'உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. எல்லோருக்கும் புரிகிறது. இதில் குற்றம் காண்பது வீண் இலக்கணச் சண்டை அல்லவா?

பதில்: இது இலக்கணச் சண்டை என்றால் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன், ஐயா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அறிவித்தது. நாடாளுமன்றம் அதை நீக்கறவு செய்யவில்லை. சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அச்சிலேயே நின்றது. செத்த பிரிவின் கீழ் காவல் நிலையங்களில் தொடர்ந்து வழக்குகள் பதிவாயின. 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. ஏட்டிலிருந்து அகற்றுவதும், ஏட்டில் இருக்கும்போதே வலுவிழக்கச் செய்வதும் வேறு வேறு என்று தெரியாததால் மனிதர்கள் அலைக்கழிந்தார்கள்.

அதே கேள்வியாளர்: விளைவு ஒன்றுதானே? இரண்டிலும் சட்டம் இல்லாமல் போகிறது.

பதில்: போனது திரும்பி வரும் விதத்தைப் பாருங்கள். தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இசைவுள்ள வயதுவந்தோரின் தனிப்பட்ட பாலுறவுக்குப் பொருந்தாது என்று 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியதும், நாடாளுமன்றம் ஒரு வரிகூட எழுதாமல், அந்தப் பிரிவு முழு வலுவோடு எழுந்துவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வுதான் மறுபடியும் அதைக் கட்டுப்படுத்தியது. நீக்கறவு செய்யப்பட்ட சட்டம் இப்படி எழாது. நீக்கிய சட்டத்தையே பின்னர் நீக்கினாலும், மீண்டும் உயிர்ப்பிப்பதாக வெளிப்படையாகச் சொன்னாலன்றிப் பழையது திரும்பாது.

இன்னும் நுட்பமானது 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று வகுத்த கிரகணக் கோட்பாடு. அரசமைப்புக்கு முந்தைய சட்டம் அடிப்படை உரிமையோடு மோதினால் அது சாவதில்லை, நிழலில் மறைகிறது. அரசமைப்பு திருத்தப்பட்டு மோதல் நீங்கினால் வெளியே வருகிறது. மறைந்த சூரியனை 'ரத்து' என்று எழுதினால் வாசகர் எப்படி அறிவார்? நாளிதழுக்கு ஒரே சொல்தான் வேண்டுமென்றால் 'செல்லாது என்று அறிவித்தது' என்று எழுதலாம். அது சுருக்கமாகவும் இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

கேள்வி: வேளாண் சட்டங்கள் எந்த நாளில் ரத்தாயின? ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள்.

பதில்: ஒவ்வொரு தேதியும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கு உரியது. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றின் செயலாக்கத்தை நிறுத்திவைத்தது. நவம்பர் 19 அன்று பிரதமர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அறிவிப்பால் எந்தச் சட்டமும் நீங்காது. நவம்பர் 29 அன்று நீக்கறவு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த பிறகே சட்டங்கள் நீங்கின.

கேள்வி: அவசரச் சட்டம் காலாவதியானால் அதையும் ரத்து எனலாமா?

பதில்: கூடாது. நாடாளுமன்றம் கூடி ஆறு வாரத்துக்குள் அது சட்டமாக்கப்படாவிட்டால் தானாகவே நின்றுபோகிறது. அதை நீக்கியவர் எவரும் இல்லை. அதற்கு முன்பே குடியரசுத் தலைவர் எடுத்துவிட்டால், அது 'திரும்பப் பெறுதல்'.

கேள்வி: ஐயா, ரத்தா, இரத்தா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: உயிலை ரத்து செய்தால், அதற்கு முன் எழுதிய உயில் தானாக உயிர்பெறுமா?

பதில்: பெறாது. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பழைய உயில் மீண்டும் வேண்டுமென்றால் அதை முறைப்படி மறுபடியும் கையொப்பமிட்டுச் சாட்சிகளோடு நிறைவேற்ற வேண்டும், அல்லது அதை உயிர்ப்பிப்பதாகக் கூறும் இணைப்பை அதே முறையில் எழுத வேண்டும். 'பின்னதை ரத்து செய்கிறேன்' என்று மட்டும் எழுதிவைத்தவர் உயிலே எழுதாதவர் ஆகிவிடுவார்.