ஆஸ்கர் இசை விருது யாருக்குப் போகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பின்னணி இசைக்கான விருது என்றால் தைரியமாகவே சொல்லலாம். எது உயர்ந்த இசை என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வாக்கு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

டிசம்பரில் ஒரு முதற்பட்டியல் வரும். அடுத்து, ஐந்து படங்கள் கொண்ட பரிந்துரைப் பட்டியல். இரண்டையும் முடிவு செய்வது, ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் இசைப் பிரிவு. அதில் இருப்பவர்கள் சில நூறு பேர். எல்லோரும் இசைத்தொழிலில் இருப்பவர்கள். கடைசிச் சுற்றில் மட்டும் நடிகர், ஒளிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர் என்று மொத்த அகாடமியும் வாக்களிக்கிறது. 9,000 பேருக்கும் மேல்.

கணிப்பவர்கள் அதிகம் சறுக்குவது முதல் சுற்றில்தான். 2025 ஜனவரியில் 'சேலஞ்சர்ஸ்' இசைக்கு, ஆஸ்கருக்கு முன்பே வழங்கப்படும் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. சில நாள் கழித்து வந்த ஆஸ்கர் பட்டியலில் அது ஐந்தில் ஒன்றாகக்கூட இல்லை. 2019இல் 'ஃபர்ஸ்ட் மேன்' படத்துக்கும் இதே கதிதான். எனக்கு இன்றும் மனம் ஆறாத விடுபடல் அது. அப்புறம் விதிகளும் உண்டு. 'டியூன்' முதல் பாகத்துக்கு ஹான்ஸ் ஸிம்மர் ஆஸ்கர் வாங்கினார். முதல் பாகத்து இசையை அளவுக்கு மேல் எடுத்தாண்டிருந்ததால் இரண்டாம் பாகம் போட்டிக்குள்ளேயே வர முடியவில்லை. 1973இல் 'தி காட்ஃபாதர்' இசைக்கு அறிவித்த பரிந்துரையையே திரும்பப் பெற்றார்கள், நினோ ரோட்டா தன் பழைய படத்து மெட்டை அதில் பயன்படுத்தியிருந்தார் என்பதற்காக. ஆக, பரிந்துரைப் பட்டியல் வருவதற்கு முன்னால் சொல்லும் எந்தக் கணிப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பட்டியல் வந்துவிட்டதா, இனி இசைக்கலைஞர்களை மறந்துவிடலாம். ஒரு ஒப்பனைக் கலைஞர் ஐந்து பின்னணி இசையையும் தனித்தனியாகக் கேட்டு எடைபோடப் போவதில்லை. மனதில் தங்கிய படம் எதுவோ அதன் இசைக்கு வாக்களிப்பார். 2019 முதல் 2025 வரை வென்ற ஏழு படங்களில் ஆறு, சிறந்த படத்துக்கான போட்டியிலும் இருந்தவை. விலக்கு 'சோல்' ஒன்றுதான். அதன் கதாநாயகனே ஒரு ஜாஸ் கலைஞன். இசையமைப்பாளரின் பெயர் இந்தச் சுற்றில் அதிகம் உதவாது. ஜான் வில்லியம்ஸ் 54 முறை பரிந்துரைக்கப்பட்டு ஐந்து முறைதான் வென்றிருக்கிறார், கடைசியாக 1994இல். தாமஸ் நியூமன் 15 பரிந்துரைகளுக்குப் பிறகும் ஒன்றுகூட வாங்கவில்லை. அவர் இசையை நேசிக்கும் எவருக்கும் இது வருத்தம்தான்.

ஆஸ்கருக்கு முன்பு வரும் முன்னோட்ட விருதுகளில் எனக்கு நம்பிக்கை, பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் மேல்தான். 2020 முதல் 2025 வரை ஆறு ஆண்டும் பாஃப்டாவில் வென்ற பின்னணி இசைதான் ஆஸ்கரிலும் வென்றது. 2023ஐப் பாருங்கள்: கோல்டன் குளோப் 'பாபிலோன்' படத்துக்கு, கிரிட்டிக்ஸ் சாய்ஸ் 'டார்' படத்துக்கு, பாஃப்டா 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்துக்கு. ஆஸ்கர் பாஃப்டா போன வழியிலேயே போனது. காரணம் எளிது. குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் இரண்டிலும் வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்களும் விமர்சகர்களும். பாஃப்டாவில் வாக்களிப்பவர்கள் சினிமாவில் வேலை செய்பவர்கள். அவர்களில் பலர் அகாடமியிலும் உறுப்பினர்கள்.

பாடல் விருதுக்கு இந்தக் கணக்கு ஓடாது. பாஃப்டாவில் பாடலுக்கு விருதே கிடையாது. சிறந்த படப் போட்டியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை: 'ஆர்.ஆர்.ஆர்' படத்துக்குக் கிடைத்த ஒரே பரிந்துரை 'நாட்டு நாட்டு'தான். ரிஹானாவும் லேடி காகாவும் போட்டியில் இருந்த ஆண்டில் கீரவாணியும் சந்திரபோஸும் வென்றார்கள். குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ் இரண்டையும் முன்பே வாங்கியிருந்ததால் கணித்தவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை, மகிழ்ச்சி மட்டும் நிறைய இருந்தது. நான் இங்கே கவனிப்பது ஒன்றைத்தான்: அந்தப் பாடல் கதைக்குள் பாடப்படுகிறதா, படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ஒலிக்கிறதா? ஆஸ்கர் வென்ற 'ஷாலோ', 'நாட்டு நாட்டு', 'எல் மால்' மூன்றையும் பாத்திரங்களே திரையில் பாடுகிறார்கள். காட்சியோடு நினைவில் நிற்கும் பாடலுக்கு இசை தெரியாதவரின் வாக்கும் விழும். பாடலாசிரியர் டயான் வாரன் 2025 வரை 16 முறை பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் ஒருமுறைகூட வெல்லவில்லை. 2022இல் கௌரவ ஆஸ்கர் மட்டும் கொடுத்தார்கள்.

இதே முறையில் நம் தேசிய விருதையும் கணிக்கலாமா என்றால், முடியாது. அங்கே முடிவெடுப்பது ஒரு சிறு நடுவர் குழு, பரிந்துரைப் பட்டியலும் வெளியே வராது. பிடித்துக்கொள்ள நூல் எதுவும் இல்லை.

ஆஸ்கரில் இனி ஒரு மாற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்த பிறகே அந்தப் பிரிவுக்கு இறுதி வாக்களிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் அகாடமி விதி கொண்டுவந்தது. ஒழுங்காகப் பின்பற்றப்பட்டால், பேசப்படாத ஒரு சின்னப் படத்தின் அருமையான இசைக்கும் கொஞ்சம் வாய்ப்பு கூடும். என் கணிப்பு அதனால் பொய்த்தாலும் எனக்குச் சந்தோஷமே.