கருப்புத் திரையில் நிற்கும் லேப்டாப்: மதர்போர்டு போயிடுச்சா?

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் மகளுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். உபுண்டு என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். பில்லில் ஆறு மாத வாரண்டி இருக்கிறது. பேட்டரி நிற்காது, சார்ஜரில்தான் ஓடும். போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து, ஆன் செய்தால் கருப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்து நின்றுவிடுகிறது. "மதர்போர்டு போயிடுச்சு, லினக்ஸ் மிஷினுக்கு வாரண்டி வராது" என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: மதர்போர்டுக்கு என்று ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். திரையில் அந்தச் சொல் வருகிறதென்றால் போர்டு, ராம், டிஸ்ப்ளே எல்லாம் வேலை செய்கின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் டிஸ்கிலிருந்து ஏறிவிட்டது. அடுத்த படியில், உங்கள் ஃபைல்கள் இருக்கும் பகுதியைத் திறக்க முடியாமல் நிற்கிறது. டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இப்படி ஆவது சகஜம். பேட்டரி இல்லாத லேப்டாப்பில் கேட்கவே வேண்டாம்.

முதலில் அந்தத் திரையைப் போட்டோ எடுங்கள். ஃபைல் அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையைக் கையால் ஓட்டச் சொல்லும் ஒரு வரியும், டிஸ்கின் அந்தப் பகுதியைக் குறிக்கும் 'எஸ்டிஏ2' போல ஒரு பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்தக் கட்டளையை அந்தப் பெயரோடு அடித்தால் பல நேரம் சரியாகிவிடும். ஆனால் அவசரப்படாதீர்கள். டிஸ்கே கெட்டுக்கொண்டிருந்தால், அதை ஓட்டுவது மகளின் ப்ராஜெக்ட் ஃபைல்களையும் சேர்த்துக் கெடுக்கலாம். வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஃபைல்களை வேறொரு டிரைவுக்கு காப்பி எடுங்கள். அப்புறம் அங்கேயே 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் 'ஸ்மார்ட்' விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கையைப் பாருங்கள். டிஸ்க் கெட்டுவிட்டது என்றோ, அதில் பழுதான இடங்கள் (செக்டர்கள்) இருக்கின்றன என்றோ காட்டினால் அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் விஷயம் இரண்டாகப் பிரிகிறது. டிஸ்க் நன்றாக இருந்து, ஃபைல் அமைப்பு மட்டும் கலைந்திருந்தால் அது கரண்டின் வேலை, கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. எஃப்எஸ்சிகே ஓட்டிவிட்டு, புது பேட்டரி போடுங்கள். ஸ்மார்ட் விவரம் டிஸ்க் கெட்டதாகக் காட்டினாலோ, சரிசெய்த பிறகும் அதே திரை திரும்பத் திரும்ப வந்தாலோ, டிஸ்க் மேல்தான் பலத்த சந்தேகம். அது ஹார்டுவேர் குறை. அதற்குத்தான் வாரண்டி கொடுத்திருக்கிறார்கள். உபுண்டு போட்டு விற்றவரே அதைக் காரணம் காட்டி மறுப்பது நியாயமே இல்லை. பில்லில் அப்படி எழுதியிருந்தால் காட்டச் சொல்லுங்கள். மறுப்பை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

அப்படியும் மசியவில்லை என்றால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, வாங்கிய இடத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். வடசென்னைக்குத் தனி மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை தொடங்கி 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில்லையும் அந்தப் போட்டோக்களையும் சேர்த்து வையுங்கள்.