நான்கு பக்கம் அளந்தால் போதுமா? அளவியல் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சுற்றளவையும் பரப்பளவையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். எத்தனை கணக்குப் போட்டாலும் இதே கதைதான்.

பதில்: நோட்டை மூடிவிட்டுத் தீப்பெட்டியை எடுங்கள். மருந்தைக் கிள்ளிவிட்டு 12 குச்சிகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் வைத்து ஒரு செவ்வகம் அமைக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால் உள்ளே 5 கட்டம் அடங்கும். நான்குக்கு இரண்டு என்றால் 8. மூன்றுக்கு மூன்று என்றால் 9. குச்சி ஒன்றுகூடக் கூடவில்லை, உள்ளே இடம் மட்டும் பெருகிவிட்டது. குச்சிகளை எண்ணினால் சுற்றளவு, கட்டங்களை எண்ணினால் பரப்பளவு. சதுரத்தில்தான் இடம் அதிகம் என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வட்டத்துக்கு 22/7 போடுவதா, 3.14 போடுவதா?

பதில்: இரண்டுமே தோராயம்தான், தம்பி. ஆரமோ விட்டமோ 7-இன் மடங்காக இருந்தால் 22/7 எளிதில் அடிபடும். 10, 50 போன்ற எண்கள் என்றால் 3.14. வினாத்தாளில் குறிப்பிட்டிருந்தால் அதன்படியே போடு. வீட்டில் 28 செ.மீ. விட்டமுள்ள சாப்பாட்டுத் தட்டு இருந்தால் விளிம்பைச் சுற்றி நூல் பிடித்துப் பார், ஏறக்குறைய 88 செ.மீ. வரும்.

கேள்வி: ஒரு மனை பார்த்திருக்கிறேன். வரிசையாக நான்கு பக்கமும் 30, 40, 60, 50 அடி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, 45-ஐ 45-ஆல் பெருக்கி 2,025 சதுர அடி என்கிறார் தரகர். சரிதானா?

பதில்: சரியில்லை. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பக்க அளவுகளை மட்டும் வைத்து நாற்கரத்தின் பரப்பளவைச் சொல்லவே முடியாது. நான்கு ஈர்க்குகளை முனைகளில் நூலால் தளர்வாகக் கட்டி ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். நீளம் மாறாது, ஆனால் உருவம் சாயச் சாய உள்ளிடம் ஒடுங்கிக்கொண்டே போகும். மூலைவிட்டம் ஒன்றாவது வேண்டும். 30 அடிப் பக்கமும் 40 அடிப் பக்கமும் சேரும் மூலை இருக்கிறதே, அந்த இரு பக்கங்களின் மறுமுனைகளுக்கு இடையே குறுக்காக டேப்பைப் பிடித்து அளந்து எழுதுங்கள்.

அதே வாசகர்: அளந்தேன், 50 அடி.

பதில்: அப்படியானால் மனை இரண்டு முக்கோணம். முதலாவது 30, 40, 50. அது செங்கோண முக்கோணம், 600 சதுர அடி. மற்றதன் பக்கங்கள் 50, 50, 60. அறுபதை அடிப்பக்கமாக வைத்தால் குத்துயரம் 40 அடி, பரப்பளவு 1,200. ஆக மொத்தம் 1,800 சதுர அடிதான். தரகர் கணக்கில் 225 சதுர அடி கூடுதல். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், இல்லாத நிலம் அரை சென்ட்டுக்கும் மேல், அதற்குப் பணம் கேட்கிறார். இந்தச் சராசரிக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டுமே பொருந்தும். வேறு எந்த நாற்கரமானாலும் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்பவர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கேள்வி: பத்திரத்தில் 120 சதுர மீட்டர் என்றிருக்கிறது. 3.28-ஆல் பெருக்கினால் 394 சதுர அடிதான் வருகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். நீளத்துக்கு ஒரு முறை, அகலத்துக்கு ஒரு முறை என 3.28-ஐ இரு முறை பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. உங்கள் இடம் சுமார் 1,292 சதுர அடி.

கேள்வி: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. டைல்ஸ் ஒட்டும்போது கடைசி வரிசையை ஆப்பு மாதிரி சரித்து வெட்ட வேண்டியிருக்கிறது. டைல்ஸ்தான் கோணல் என்கிறார் கொத்தனார்.

பதில்: மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் 15 அடி ஏழரை அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்திருந்தால் சுவர்கள்தான் மூலையில் செங்கோணமாகச் சேரவில்லை. டேப்பின் மறுமுனையைக் கொத்தனாரையே பிடிக்கச் சொல்லுங்கள்.