டிக்கெட்டில் 15 மணி நேரம், பயணம் 28 மணி நேரமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் சான்பிரான்சிஸ்கோ போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மதுரையிலிருந்து 14,300 கி.மீ. என்கிறார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு 10 மணிக்குச் சென்னையில் ஏறினால், திங்கள் பகல் 1 மணிக்கு அங்கே இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. 15 மணி நேரம்தானே? டிராவல்ஸ்காரர் 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறாரே?
- வாசகி, திருமங்கலம்

பதில்: டிராவல்ஸ்காரர் சொல்வதுதான் சரி. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சான்பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் நமக்கு 13½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. உங்கள் 15-உடன் அதைக் கூட்டினால் 28½. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அப்போது 12½ கூட்டினால் போதும். திரும்பி வரும்போது கூட்டாமல் கழிக்க வேண்டும்.

அந்த 14,300 கி.மீ. குறுக்கு வழிக் கணக்கு. ஒரு பூசணிக்காயில் இரண்டு ஊரையும் குறித்து நூலை இழுத்துப் பிடித்தால், அது கடலைச் சுற்றாமல் வடக்கே ஏறி சைபீரியா, அலாஸ்கா பக்கமாக இறங்கும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேரடி விமானம் தொடங்கியபோது, சுமார் 14,000 கி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் பிடித்தது.

நீங்கள் ஓர் ஊரில் இறங்கி மாறப் போகிறவர்கள். சென்னையிலிருந்து துபாய் வழியாக ஏறத்தாழ 16,000 கி.மீ., சிங்கப்பூர் வழியாக 16,500. தூரம் கூடுதல் என்று சிங்கப்பூரை ஒதுக்க வேண்டாம். பசிபிக் மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும். போகும்போது அது முதுகில் தள்ளுவதால் சிங்கப்பூர்-சான்பிரான்சிஸ்கோ 15, 16 மணி நேரத்தில் முடியும். வரும்போது 17-ஐத் தொடும். எந்த வழியானாலும் பறக்கும் நேரம் 20 மணி சொச்சம்தான். மீதி முழுக்கக் காத்திருப்பு.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு, மாறும் ஊரில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்; முதல் விமானம் தாமதமானால் ஓட வேண்டியிருக்கும். மூன்று, நான்கு மணி நேரம் உங்கள் வயதுக்குச் சரி. சக்கர நாற்காலி வேண்டுமென்று அப்போதே பதிவு செய்துவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதுரை-சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால், சென்னையில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையது. முதல் நாள் இரவு மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி, அதிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, உறவினர் வீட்டில் பகலைக் கழித்துவிட்டுப் போவதுதான் என் யோசனை. தாம்பரத்திலிருந்து விமான நிலையம் பக்கம்.

அப்புறம் மாத்திரை. பெட்டியில் போடாமல் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். வழியில் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் குழம்பும். எத்தனை மணி நேர இடைவெளி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவரானால் கிளம்புவதற்கு முன்பே கட்டாயம் கேட்க வேண்டும்.